இரட்டைப்புள்ளி ஓ வதைப் படலம்

மவுஸ் தீண்டா மாவீரர் வாழ்க! பத்து விரல்களையும் பத்துப் படைத்தலைவர்களாகப் பழக்கி, நூற்று நான்கு விசைகள் விரிந்து கிடக்கும் விசைப்பலகை என்னும் பெருநிலத்தைக் குனிந்து ஒரு தடவைகூடப் பாராமல் இருபத்திரண்டு ஆண்டுகளாக அரசாண்டுவரும் அஞ்சாநெஞ்சர் வாழ்க! பதிப்புரிமைக் குறி கேட்டு வந்தவருக்கு அதையும், வெப்பநிலைக்குப் பக்கத்தில் போடும் குட்டி வட்டம் கேட்டு வந்தவருக்கு அதையும் இல்லையென்னாது ஈந்து ஈந்து நகம் தேய்ந்த அந்தச் சுட்டுவிரலும் வாழ்க! அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த சுழல்நாற்காலியும் வாழ்க! இவ்வளவு வாழ்த்தும் அவருக்குப் போதாது என்பது எனக்குத் தெரியும். என் கையிருப்பு இவ்வளவுதான்.

இரண்டாம் மாடியில் மூன்றே அறைகளில் நடக்கும் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் தலைமைத் தட்டச்சர் அவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவர் ஷார்ட்கட் சார். ஆல்ட் விசையை இடக்கையால் அழுத்திப் பிடித்து, விசைப்பலகையின் வலக்கோடியில் இருக்கும் எண் கட்டத்தில் நான்கு இலக்கங்களை வலக்கையால் தட்டினால், உலகின் எந்த மூலையில் பதுங்கியிருக்கும் எழுத்தும் கைகட்டி வந்து திரையில் நிற்கும் என்பது அவர் கற்ற வித்தை. அவ்வாறான எண்கள் நூற்று எழுபது அவருக்கு மனப்பாடம். மனைவியின் கைப்பேசி எண் மனப்பாடம் இல்லை. அலுவலகம் கொடுத்த மவுஸை வால் சுற்றி ஆணியில் மாட்டிவிட்டார், அதைப் பிடிப்பவரைக் கண்டால் மாடியேற லிஃப்டு தேடும் வாலிபனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

இத்தகைய பெருமகனாரின் வாசலில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு இருபதுக்கு, மூச்சு வாங்க மாடியேறி வந்து நின்றாள் அவருடைய ஒரே தங்கை.

தங்கை ஒரு பெரிய மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவுச் செவிலி. வயது முப்பத்திரண்டு. கடல்தாண்டியிருக்கும் ஒரு நாட்டு மருத்துவமனையில் வேலை வாங்க வேண்டும் என்று ஒன்றரை வருடமாக அந்த ஊர் மொழியைப் படித்து, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை வென்று, நியமனக் கடிதமும் பெற்றுவிட்டாள். இனி பாக்கியிருந்தது ஒரே ஒரு இணையப் படிவம். சான்றிதழ்களை எல்லாம் ஸ்கேன் செய்து சேர்க்கவே நாலு நாள் ஓடிவிட, அன்று மாலை நான்கு மணிக்கு அந்தப் படிவம் கதவைச் சாத்தப்போகிறது. சாத்திவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவருக்கு வேலை போய்விடும். அந்தப் படிவமோ கைப்பேசியில் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஜாதி, கணினி இருந்தால்தான் முகம் காட்டும்.

"அண்ணா, நாப்பத்திரண்டு கட்டம் என்னால நிரப்பிட முடியும். நாப்பத்து மூணாவதுதான் பிரச்சினை. ஒரே ஒரு எழுத்து, அது கீபோர்டுலயே இல்ல" என்றாள் அவள்.

நாற்பத்து மூன்றாம் கட்டத்தில், அவள் சேரப்போகும் பிரிவின் தலைமை மருத்துவர் பெயரை நியமனக் கடிதத்தில் உள்ளபடி எழுத வேண்டும். அந்தப் பெயரின் நட்டநடுவில் கொலுவீற்றிருந்தது ஓர் ஆங்கில ஓ. சும்மா ஓ அன்று. உச்சந்தலையில் இரண்டு புள்ளிகளைக் கிரீடமாய்ச் சூடிய ஓ. ஒரு எழுத்தின் தலையில் ஒரு புள்ளியைப் பார்த்தே ஒன்றாம் வகுப்பில் மிரண்ட இனம் நாம். இரண்டு புள்ளி என்றால் கேட்கவா வேண்டும்.

"ஒரு எழுத்துக்கா இவ்ளோ தூரம் ஓடி வந்தே? உட்காரு. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சுத் தரேன்" என்று திருவாய் மலர்ந்தருளினார் வீரர். அந்தக் கண் திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

முதற்களம் அவருடைய சொந்த நாடாகிய விண்டோஸ். தங்கை நாற்பத்திரண்டு கட்டங்களையும் நிரப்பி முடிக்கையில் மணி இரண்டு ஐம்பது. முதலில் கிரீடமில்லாத வெறும் ஓவைப் போட்டுப் பார்த்தார்கள். 'பெயர் பொருந்தவில்லை' என்று சிவந்தது கட்டம். கடிதத்திலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தாள் தங்கை. 'இங்கே ஒட்ட அனுமதி இல்லை' என்று அதைவிடச் சிவந்தது. "நகலெடுத்து ஒட்டறதெல்லாம் கோழைங்க வேலை, தள்ளு" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவையோர் அனைவரும் காண (அவை என்பது தங்கையும் ஒரு தண்ணீர் கேனும்), ஆல்ட் விசையின் மேல் இடக்கைப் பெருவிரலை ஊன்றி, பூஜ்யம், இரண்டு, நான்கு, ஆறு என்று நான்கு கணைகளைத் தொடுத்தார் வீரர்.

இங்கே சற்று நின்று, விதியின் விளையாட்டைக் கேட்டருளுங்கள். அந்தக் கணினி ஒவ்வொரு முறை புதிதாக உயிர்பெறும்போதும் அதன் எண் கட்டம் உறங்கியபடியேதான் இருக்கும்; நம்பர் லாக் என்ற விசையை ஒரு தட்டுத் தட்டினால்தான் அது எண்களைத் தரும், இல்லையேல் அதே விசைகள் திசை காட்டும் அம்புகளாகவே வேலை செய்யும். தினமும் காலையில் அதைத் தட்டி எழுப்புவது வீரரின் நித்திய கடன். ஆனால் அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, அலுவலகத்தின் கணினிப் பராமரிப்பாளர் அதை ஒருமுறை அணைத்து எழுப்பியிருந்தார். தலைவலிக்கும் தரை ஈரத்துக்கும்கூட அதே வைத்தியத்தைச் சொல்லும் அந்த நரைமீசைப் பெரியவருக்கு ரீஸ்டார்ட் என்றே பெயர். விசைப்பலகையைக் குனிந்து பார்த்திருந்தால் நம்பர் லாக் விளக்கு எரியாதது தெரிந்திருக்கும். குனிவாரா நம் ஆள்?

ஆகவே நான்கு என்று அவர் தொடுத்த கணை இடப்பக்க அம்பாய்ப் பாய்ந்து, ஆல்ட்டோடு சேர்ந்ததால் அந்தப் பக்கத்தையே முந்தைய பக்கத்துக்குத் துரத்தியது. ஆறு என்று தொடுத்தது வலப்பக்க அம்பாய்ப் பாய்ந்து மறுபடி முன்னே இழுத்து வந்தது. போன படிவம் வந்துவிட்டது, நிரப்பியவை வரவில்லை. பிறந்த மேனியாய் நின்றன நாற்பத்து மூன்று கட்டங்களும்.

"அண்ணா! எங்கே போச்சு எல்லாம்?"

"வேகம் பத்தல. இன்னொரு தடவ நிரப்பு."

அவள் பாஸ்போர்ட் எண் முதல் தந்தையின் பிறந்த தேதி வரை மறுபடி நிரப்பினாள். அவர், முன்னிலும் மும்மடங்கு விசையுடன், இடி இறங்கினாற்போல அதே நான்கு கணைகளைத் தொடுத்தார். முன்னிலும் மும்மடங்கு வேகத்தில் எல்லாம் அழிந்தது. தன் நாட்டிலேயே, தன் நாற்காலியிலேயே, தன் எண் கட்டத்தாலேயே ஒரே மணி நேரத்தில் இருமுறை தோற்ற ஒரே வேந்தர் என்ற சிறப்பும் அவரைச் சேர்ந்தது. மணி மூன்று பதினைந்து.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ரீஸ்டார்ட், முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டு, மீசையை நீவிவிட்டு, "ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்" என்றார். ஆபத்தில் அறிவு மங்கும் என்பதற்குச் சாட்சியாக வீரரும் அதைச் செய்தார். கணினி அணைந்தது. நீலத் திரை வந்தது. 'புதுப்பிப்புகள் நடக்கின்றன, அணைக்க வேண்டாம், ஏழு சதவீதம்' என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைப் புள்ளிக்கூட்டத்தை வட்டமடிக்கவிட்டது. அவ்வளவுதான், சொந்த நாடு கைவிட்டுப் போனது.

தங்கை அழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், சான்றிதழ்களை ஏற்றி வந்திருந்த பென் டிரைவைக் கழற்றினாள், "வேற கம்ப்யூட்டர் எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஊசி குத்த நரம்பு கிடைக்காதபோது இப்படித்தான் கேட்பாள் போலிருக்கிறது.

இரண்டாங்களம் ரீஸ்டார்ட்டின் அறை. பழைய மின்விசிறிகளும் வயர்ச் சுருள்களும் மலையாய்க் குவிந்த அந்தக் குகையில் லினக்ஸ் என்னும் வேற்றரசு நடந்தது. அங்கே ஆல்ட் செல்லாக்காசு. கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஆங்கில யூவை ஒரு தட்டுத் தட்டி, கையை எடுத்துவிட்டு எண்ணைக் கொடுத்து என்டர் அடிக்க வேண்டும் என்று ரீஸ்டார்ட் எடுத்துரைத்தார். இம்முறை தங்கை உஷார். "முதல்ல நாப்பத்து மூணாவத மட்டும் அடி. அது வந்தா மத்தத நான் நிரப்பிக்கறேன்" என்றாள். வீரர் மூன்று விசைகளையும் அடக்கி, தன் குலதனமாகிய பூஜ்யம் இரண்டு நான்கு ஆறையே மறுபடியும் ஏவினார். திரையில் வந்து குதித்தது, வயிற்றின் குறுக்கே ஒரு கோடு வெட்டுப்பட்ட ஆங்கில ஈ. அப்படி ஓர் எழுத்து உலகில் இருப்பதே அன்றுதான் அந்த அறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தது.

"சார், இங்க அந்த நம்பர் வேற கணக்கு. இதுக்கு எஃப் ஆறு போடணும்" என்றார் ரீஸ்டார்ட்.

எஃப் என்ற எழுத்தையும் ஆறு என்ற இலக்கத்தையும் அடுத்தடுத்துத் தட்டச் சொன்னார் அவர்; எண்ணுக்குள் எழுத்து எப்படி வரும் என்று வீரர் கேட்டிருக்கலாம். கேட்பது என்பது நம் வீரரின் நூற்று எழுபது வித்தைகளில் இல்லை. சுட்டுவிரல் விண்ணிலே எழுந்து, விசைப்பலகையின் மேல் வரிசையில் எஃப் ஆறு என்று பெயர் பொறித்த அந்த விசையை வாள்வீச்சாய் அடித்தது. கர்ஸர் துள்ளிப் போய் மேலே முகவரிக் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்து என்டர் அடித்தார். பக்கம் புதிதாய்த் திறந்துகொண்டது.

ரீஸ்டார்ட் சிரித்துவிட்டார். பாவம், அவர் கெட்ட மனிதர் அல்லர். இருபது வருடமாய் இந்த ஆளிடம் பாடம் கேட்டு வந்தவர், அடக்கிப் பார்த்தும் முடியாமல், மீசை அதிர, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஆண்ட பரம்பரை பொறுக்குமா? "சிரிக்கிற இடத்துல எனக்கு எந்த எழுத்தும் வேணாம்! வா போலாம்!" என்று சூளுரைத்து, தங்கையின் சான்றிதழ்கள் மொத்தமும் அடங்கிய பென் டிரைவைக் கணினியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, புயலெனப் புறப்பட்டுப் போனார். "அண்ணா, அவர் சொல்றத ஒரு தடவ கேளேன்!" என்று கத்திக்கொண்டே அவருக்குப் பின்னால் ஓடினாள் தங்கை, பென் டிரைவ் போகும் திசையில்தானே அவளும் போயாக வேண்டும். மணி மூன்று முப்பத்தைந்து.

மூன்றாங்களம், வாசலோர அறையில் வீற்றிருந்த அட்டை வடிவமைப்பாளர் மேடத்தின் மேக். விளிம்பெல்லாம் வெள்ளியாய் மினுங்க, பக்கத்தில் ஒரு கறையுமின்றி, பூஜை அறைபோல் துடைத்து வைத்திருந்த மேசை. மேடம் யாரிடமோ நீல நிறத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் வேண்டுமா என்று போனில் பேசிக்கொண்டிருந்தவர், இருவரின் முகத்தையும் பார்த்து, பேச்சை நிறுத்தி, நாற்காலியைக் கொடுத்து எழுந்தார். விவரம் கேட்டதும், "அட, இதுக்கா? சார், அந்த ஓவை அப்படியே..." என்று தொடங்கினார்.

"சொல்லாதீங்க!" என்று வலக்கையை உயர்த்தித் தடுத்தார் வீரர். "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் மேடம். நானே எடுத்துக் காட்டறேன்."

ஐயோ, அந்தக் கை அன்று உயராமல் இருந்திருந்தால் இந்தப் படலம் இங்கேயே முடிந்திருக்கும், நானும் வீட்டுக்குப் போயிருப்பேன். ஆல்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஆப்ஷன் என்று எழுதியிருந்த விசையைப் பழைய நண்பன் என நம்பிப் பிடித்துக்கொண்டு, அந்தக் குட்டை விசைப்பலகையில் வலக்கோடி எண் கட்டமே இல்லாததால் மேல் வரிசை எண்களில் கைவைத்து, நான்காவது முறையாக, நாலு திசையும் நடுங்க, பூஜ்யம் இரண்டு நான்கு ஆறு என்று தொடுத்தார். ஒரு குட்டி வட்டம் வந்தது. பின்னால் வணிகமுத்திரைக் குறி வந்தது. அதன் பின்னால் சல்லிக்காசுக்குப் போடும் குறி வந்தது. கடைசியாக, சட்டப் புத்தகங்களில் பிரிவு எண்ணுக்கு முன்னால் நெளிந்து நிற்குமே ஒரு பாம்பு, அதுவும் வந்து சேர்ந்தது. தலைமை மருத்துவரின் பெயர் கள்ளக்கடத்தல் சரக்கின் மேல் ஒட்டிய சீட்டுப் போல் ஆகியது. வரவேண்டிய ஓ மட்டும் வரவில்லை.

"எந்திரி" என்றாள் தங்கை.

"இரு, இன்னொரு வழி..."

"எந்திரின்னு சொல்றேன்ல! எனக்கு வேலைதான் வேணும், உன் கெத்து வேணாம். ஒன்றரை வருஷமா பஸ்லயும் கேண்டீன்லயும் உட்கார்ந்து படிச்சேன். ரெண்டு தடவ ஃபெயில் ஆனப்போ யாருக்கும் தெரியாம பாத்ரூம்ல போய் அழுதேன். அத்தனையும் ஒரு புள்ளிக்காகப் போகணுமா?"

"ரெண்டு புள்ளி" என்றார் வீரர்.

அவள் பார்த்த பார்வையில், வாழ்க்கையில் முதன்முறையாக, அவர் விசைப்பலகையைக் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து, சுவரோரமாய்ப் போய் நின்றுகொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். மணி மூன்று நாற்பத்தொன்று. மூன்றாவது தடவை என்பதால் பாஸ்போர்ட் எண்ணும் பதிவு எண்ணும் பணியில் சேர்ந்த தேதியும் விரலிலேயே இருந்தன. ஆணியில் மாட்ட வேண்டிய அந்தக் கேவலமான மவுஸையும் கூசாமல் பிடித்து, சான்றிதழ் ஒவ்வொன்றாய் இழுத்துப் போட்டு, நாற்பத்திரண்டு கட்டங்களையும் பன்னிரண்டு நிமிடத்தில் நிரப்பினாள். நாற்பத்து மூன்றாம் கட்டத்துக்கு வந்ததும் தலையை நிமிர்த்தி, "அக்கா, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே, என்ன அது?" என்று கேட்டாள்.

ஆகா! எத்தனை பெரிய தந்திரம்! மூன்று நாடுகளிலும் எவரும் முயன்றிராத மாபெரும் அஸ்திரம்!

"ஒண்ணும் இல்லம்மா. ஓ-வை அழுத்தி, விரலை எடுக்காம அப்படியே வெச்சிரு. மேல ஒரு சின்னப் பெட்டி வரும், எல்லா ஓவும் அதுல நிக்கும். உனக்கு வேணும்கிறதுக்குக் கீழ ஒரு நம்பர் இருக்கும் பாரு, அத அடி" என்றார் மேடம்.

விரலை எடுக்காமல் வைப்பதாம். தொட்ட நொடியில் பறந்துவிடுவதையே வீரம் என்று வளர்த்த பத்து விரல்களுக்கு இருபத்திரண்டு வருடத்தில் அது தோன்றியிருக்க வழியே இல்லை. தங்கையின் விரல்களோ நோயாளியின் மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் அசையாமல் கிடந்து பழகியவை. ஓவின் மேல் விரலை வைத்தாள், எடுக்கவில்லை. பெட்டி வந்தது. தொப்பி போட்ட ஓ, சாய்ந்த கோடு போட்ட ஓ, மீசை வைத்த ஓ என்று வரிசையாய் நின்றவற்றின் நடுவே இரண்டு புள்ளிக்காரனும் நின்றான். எண்ணைத் தட்டினாள். கட்டம் பச்சையானது.

மூன்று ஐம்பத்தேழுக்கு அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள். திரை வெளுத்தது, சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது. 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நல்வரவு' என்றது அந்த ஊர் மொழி. அவள் அதை வாய்விட்டு மொழிபெயர்த்துச் சொன்னாள், அப்புறம்தான் அழுதாள். மேடம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கதவருகே எப்போது வந்தாரோ, ரீஸ்டார்ட் கைதட்டினார்.

வீரருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே, இவள் இனி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து தன் தட்டிலிருந்து எடுத்துத் தின்ன மாட்டாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அப்போ நெஜமாவே போயிடுவியா?" என்றார், யாரிடமும் அவர் இதுவரை காட்டாத ஒரு சின்னக் குரலில். "போகாம? இவ்ளோ சண்டையும் எதுக்கு?" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அவர் கையைப் பிடித்தபடி.

ஆயினும் வீரம் அழியுமோ? அரை நிமிடத்தில் நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று நாடுகள் சுற்றி, நான்கு முறை கணை தொடுத்து, இருமுறை மண்ணைக் கவ்வி, ஒருமுறை நகைப்புக்கு இரையாகி, ஈற்றில் தம் குலக்கொழுந்தின் கரம் கொண்டே இரட்டைப்புள்ளி முடிதரித்த பெரும்பகையை வீழ்த்திய வெற்றித்திருநாள் இது என்றும், நூற்று எழுபதோடு நூற்று எழுபத்தொன்றாம் வித்தையும் இன்றுமுதல் தம் கருவூலத்தில் சேர்ந்தது என்றும், இனி இவ்வலுவலகத்தில் இருபுள்ளி, முப்புள்ளி, எப்புள்ளி எழுத்து வேண்டுவோரும் தம் வாசலுக்கே வரலாம் என்றும், "நாங்க ஜெயிச்சுட்டோம்" என்ற அந்த 'நாங்க'வை மட்டும் சற்று அழுத்தியும், தண்ணீர் கேன் வரை கேட்கும்படி அவர் பிரகடனம் செய்து நிற்க, வெற்றி முரசுபோல் பிரிண்டர் முழங்கி, ஏற்புக் கடிதத்தின் அச்சுப்படியை வெளியே துப்ப, அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பைத் தங்கை எல்லோருக்கும் கேட்கப் படித்தாள்: 'இந்தப் படியில் தலைமை மருத்துவரின் பெயரைக் கையால் எழுதிக் கையொப்பமிட்டுத் தபாலில் அனுப்பவும்.'

மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து, அவள் ஒரு ஓ போட்டு மேலே இரண்டு புள்ளி வைத்தாள்.